லிஃப்ட் போட்ட வண்டிக்குப் பின் ஆக்சில் குறிப்புகள்

காட்டுப் பாதைக்கென்று ஜீப்பையோ பிக்கப்பையோ இரண்டு அங்குலம் தூக்குகிறவர்கள், வேலை முடிந்த கையோடு முன் சக்கர அலைன்மெண்ட் பார்த்துவிடுகிறார்கள். பின் ஆக்சிலைப் பற்றிக் கேட்டால், “பின்னாடி அட்ஜஸ்ட்மெண்டே கிடையாது சார்” என்று கடையில் பதில் வரும். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் அந்தப் பதில் சரிதான். ஒரே துண்டாக இருக்கும் பின் ஆக்சிலில் டோ, கேம்பர் திருகுவதற்கு எதுவும் கிடையாது. ஆனால் ஸ்பிரிங்கின் உயரத்தை மாற்றிய அந்த நாளே, ஆக்சில் எங்கே நிற்க வேண்டும் என்று கம்பெனி போட்ட கணக்கு கலைந்துவிடுகிறது. அது முன்னே பின்னே நகரலாம், பக்கவாட்டில் நகரலாம், தன் அச்சிலேயே சுழன்றும் நிற்கலாம். இந்த மூன்றையும் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். கொத்தனாரின் தூக்குக்குண்டும், நூலும், ஒரு டேப்பும் போதும். திருத்துவதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

1. முதலில் உங்கள் வண்டியில் பின் ஆக்சிலைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று அடியில் குனிந்து பாருங்கள். ஹைலக்ஸ், வி-கிராஸ், பழைய ஜிப்ஸி இவற்றில் பட்டை ஸ்பிரிங். வண்டியைத் தாங்குவதும் ஆக்சிலை இடத்தில் நிறுத்துவதும் அந்தப் பட்டைகளேதான். ஜிம்னி, ஃபார்ச்சூனர் போன்றவற்றில் காயில் ஸ்பிரிங். அது பாரத்தை மட்டும் தாங்கும். ஆக்சிலை முன்பின் ஓடாமல் நிறுத்த நீளவாக்கில் ஆர்ம்கள், பக்கவாட்டில் நிறுத்த குறுக்கே ஒரு ராடு. அந்தக் குறுக்கு ராடைப் பன்ஹார்டு ராடு என்பார்கள். பார்ட்ஸ் கடையில் லேட்டரல் ராடு என்றும் கேட்கலாம். ஸ்கார்பியோ-என், தார் ராக்ஸ் இரண்டிலும் அந்த ராடுக்குப் பதில் வாட் லிங்கேஜ் இருக்கிறது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் காயில் ஸ்பிரிங் மாடல்களில் மேலே ஏ வடிவ ஆர்ம். இந்தக் கடைசி இரண்டு வகையிலும், தூக்குவதால் ஆக்சில் பக்கவாட்டில் நகரும் தொல்லை அநேகமாக இல்லை. கீழே வரும் குறிப்புகளில் உங்களுக்கு எது பொருந்தும், எதைத் தாண்டிப் போகலாம் என்பதை இந்த ஒரு பார்வையே சொல்லிவிடும்.

2. லிஃப்ட் கிட் போடுவதற்கு முதல் நாள் அளவெடுத்து எழுதி வையுங்கள். இடம் வலம் இரு பக்கமும் சக்கர மையத்திலிருந்து சக்கர மையம் வரை நீளம், ஃபிரேமிலிருந்து ரிம் வரை உள்ள தூரம், பினியன் நிற்கும் கோணம், ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரம். பழைய வண்டிகளில் முன்பே ஒரு பக்கம் 4, 5 மி.மீ. தள்ளியிருப்பது சாதாரணம். அதை எழுதி வைக்காவிட்டால் பழைய கோணலுக்கும் சேர்த்துப் புது கிட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

3. அளக்கும் தரை மட்டமாக இருக்கட்டும். வீட்டு வாசல் போர்ட்டிகோ மழைத்தண்ணீர் வடியச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். நான்கு டயரிலும் ஒழுங்கான காற்று, பின்னால் ஏற்றிய சாமான்கள் இறக்கப்பட்டு, ஸ்டியரிங் நேராக. ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்க வேண்டாம். பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை நான்கைந்து முறை அமுக்கிவிட்டால்தான் ஸ்பிரிங் தன் நிலைக்கு வரும்.

4. ஆக்சில் நிற்கும் இடத்தை மட்கார்டிலிருந்து அளக்காதீர்கள். பாடி என்பது ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் தனி உருப்படி. ஃபிரேமோடு ஒப்பிட்டால் அதுவே ஒரு பக்கம் தள்ளியிருக்கலாம். ஃபிரேமின் இரு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் கம்பெனி போட்ட துளைகள் இருக்கும். அவற்றில் ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். பின் ஆக்சிலின் இரு முனையிலிருந்தும் அதேபோல் ஒவ்வொரு புள்ளி. வண்டியை நகர்த்திவிட்டால் நான்கு புள்ளிகள் தரையில் தெளிவாகக் கிடைக்கும். முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரத்துக்கு நேராக டேப் பிடிப்பது சுலபம்தான். ஆனால் தூக்கியதில் முன் பக்கக் காஸ்டர் இருபுறமும் ஒன்றாக இல்லையென்றால், அந்தத் தப்பும் பின் ஆக்சில் கணக்கில் வந்து விழும்.

5. இனி, அஸ்திவாரம் தோண்டுமுன் மேஸ்திரி மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்ப்பாரே, அதே வேலைதான். பக்க நீளங்கள் இரண்டையும், குறுக்கு நீளங்கள் இரண்டையும் அளந்து எழுதுங்கள். பக்க நீளங்கள் ஒன்றாக இல்லாவிட்டால் ஆக்சில் சாய்ந்து நிற்கிறது. ஒரு சக்கரம் முன்னே, ஒன்று பின்னே. பக்க நீளங்கள் ஒன்றாக இருந்து குறுக்கு நீளங்கள் மட்டும் வேறுபட்டால் ஆக்சில் நேராகத்தான் இருக்கிறது, மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. இரண்டுமே வேறுபட்டால் முதலில் சாய்வை எடுங்கள். அதற்குப் பிறகு குறுக்கு நீளத்தில் மிச்சம் இருப்பதுதான் உண்மையான பக்கவாட்டு நகர்வு.

6. பக்கவாட்டுக் கணக்கில் பலரும் வழுக்கும் ஓர் இடம் உண்டு. ஃபிரேமிலிருந்து ரிம் வரை இடது பக்கம் 40 மி.மீ., வலது பக்கம் 28 மி.மீ. என்றால் வித்தியாசம் 12. ஆக்சிலை நகர்த்த வேண்டியது 12 அல்ல, 6. முழு வித்தியாசத்தையும் திருகினால் வண்டி எதிர்ப்பக்கம் அதே அளவு தள்ளி நிற்கும்.

7. டயரின் பக்கச் சுவரை வைத்து அளப்பதையும் விடுங்கள். பெரிய மட் டயரில் பக்கவாட்டுக் கட்டைகள் புடைத்திருக்கும். ரிம்மின் உதடோ ஹப்பின் முகமோதான் நம்பகமானது. ஸ்பேசர் மாட்டியிருந்தால் இருபுறமும் ஒரே கனமா என்று கழற்றிப் பாருங்கள்.

8. எத்தனை மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம்? இடது, வலது பக்க நீளங்கள் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் அப்படியே விட்டுவிடலாம். ஆறேழு மி.மீ. வந்தால் திருத்தியே ஆக வேண்டும், 1,500 மி.மீ. அகல ஆக்சிலில் அது ஏறக்குறைய கால் டிகிரி. 13 மி.மீ. என்றால் அரை டிகிரி. அரை டிகிரி என்றதும் அற்பமாகத் தோன்றும். ஹைலக்ஸின் சக்கர இடைவெளி 3,085 மி.மீ.; அந்த நீளத்தில் அரை டிகிரி என்பது, நேராகப் போகும்போதே பின் சக்கரங்கள் முன் சக்கரத் தடத்திலிருந்து 27 மி.மீ. விலகி ஓடுவது. நெடுஞ்சாலையில் முன்னால் போகும் சில லாரிகளின் பின்பக்கம் மட்டும் பக்கத்து லேனைப் பார்த்தபடி கோணலாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நோய்தான், அளவு மட்டும் சிறியது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்டியரிங் கொஞ்சம் திரும்பியபடி இருப்பது மட்டும்தான் தெரியும். டயர் தேய்வது பிறகுதான் தெரியும்.

இங்கே ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடலாம். பிரான்ஸின் ரெனோ 4 காரில் இடது பக்கச் சக்கர இடைவெளிக்கும் வலது பக்கத்துக்கும் சுமார் 48 மி.மீ. வித்தியாசம் உண்டு. பின்பக்க டார்ஷன் பார்கள் இரண்டும் குறுக்காக, ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருப்பதால் கம்பெனியே தெரிந்து வைத்த வித்தியாசம் அது. பின் சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்குவதால் அந்தக் காருக்குக் கெடுதல் இல்லை. ஒரே துண்டு ஆக்சில் உள்ள உங்கள் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

9. பட்டை ஸ்பிரிங் வண்டியில் சாய்வு தெரிந்தால் முதல் சந்தேகம் சென்டர் போல்ட்மேல் விழட்டும். பட்டைகளை ஒன்றாகக் கோத்து, அதன் தலை ஆக்சில் இருக்கையின் குழியில் உட்கார்ந்து, ஆக்சில் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வது அந்தச் சின்ன போல்ட்தான். கிட் மாட்டும் அவசரத்தில் அதன் தலை குழிக்குள் சரியாக இறங்காமல் விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிடும். யூ போல்ட்டை முறுக்கியதும் எல்லாம் கெட்டியாக இருப்பதுபோல் தெரியும். போல்ட் தலைக்குக் குழி பெரிதாக இருந்தாலும் ஆக்சில் சில மி.மீ. நகரும், லேத்தில் ஒரு வளையம் கடைந்து போட்டால் தீர்ந்தது. அடுத்ததாகப் பட்டையின் முன் கண்ணில் உள்ள புஷ். முன் கண்தான் நிலையான முனை, பின் முனை ஷாக்கிளில் ஊசலாடுவது. அதனால் முன் புஷ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்சில் அந்தப் பக்கம் முன்பின் நகரும். பின் புஷ் தேய்ந்தால் சத்தம் வரும், ஆக்சில் அவ்வளவாகச் சாயாது.

10. ஒரு பக்கம் வண்டி தாழ்ந்திருக்கிறது என்று அந்தப் பக்கம் மட்டும் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கம். உயரம் சமமாகிவிடும். ஆனால் வளைவு கூடிய ஸ்பிரிங் நீளவாக்கில் குறுகும். முன் கண் அசையாது என்பதால் அந்தப் பக்க ஆக்சில் சற்றே முன்னே வரும். பட்டை சேர்த்தால் இரு பக்கமும் சேர்த்துவிட்டு மீண்டும் அளவெடுங்கள். பட்டை வேலையில் அனுபவம் தேடுகிறவர்கள் நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிப் பட்டறைகளில் விசாரிக்கலாம். ஆஃப்ரோடு கிட் என்ற பெயரையே கேட்டிராதவராக இருந்தாலும், ஆக்சில் சாய்வை அங்கே பலர் கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள்.

11. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் பிளாக் வைத்துத் தூக்குவது மலிவான வழி. வைக்கலாம், ஒன்று மட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிளாக் அடுக்குவது கூடவே கூடாது. பிளாக் உயர உயர, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஆக்சில் ஸ்பிரிங்கை முறுக்கும் நெம்புகோலும் நீளமாகிறது. கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடவும் வேண்டாம். ஒருமுறை இழுபட்ட மரை அதே பிடியை மறுபடி தராது. புதிய போல்ட்டைக் குறுக்காக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றில் முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் இருக்கை சாய்ந்துவிடும்.

12. நீண்ட ஷாக்கிள் மாட்டினால், கூடிய நீளத்தில் பாதிதான் வண்டி உயரும். 50 மி.மீ. கூடுதல் ஷாக்கிள், சுமார் 25 மி.மீ. உயரம். கூடவே பட்டையின் பின் முனை கீழே இறங்குவதால் பினியன் மூக்கு மேல்நோக்கித் திரும்பும். இடது வலது ஷாக்கிள் துளைகள் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று மாட்டுமுன் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். லோக்கலில் வெட்டிய பிளேட்களில் இந்தத் தப்பு நிறையவே உண்டு.

13. காயில் ஸ்பிரிங் வண்டிக்கு வருவோம். பன்ஹார்டு ராடின் ஒரு முனை ஃபிரேமில், மறுமுனை ஆக்சிலில். வண்டி உயரும்போது ஃபிரேம் முனை மேலே போகிறது, ராடின் சரிவு கூடுகிறது, அது குறுக்குவாட்டில் எட்டும் தூரம் குறைகிறது. ஆகவே ராடு ஃபிரேமில் எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு ஆக்சில் இழுபடும். எதிர்த்திசையில் நகர்ந்திருந்தால் காரணம் வேறு: பிராக்கெட் வெடிப்பு, நீண்டுபோன போல்ட் துளை, வளைந்த ராடு.

எவ்வளவு நகரும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ராடு 900 மி.மீ. நீளம், தூக்குமுன்பே அதன் இரு முனைக்கும் 50 மி.மீ. உயர வித்தியாசம் என்று வையுங்கள். 50 மி.மீ. தூக்கினால் ஆக்சில் 4 மி.மீ. நகரும். 100 மி.மீ. தூக்கினால் 8 அல்ல, 11 மி.மீ. நகரும். உயரம் இரட்டித்தால் நகர்வு இரண்டரை மடங்குக்கும் மேல். இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் பலர் எதையும் திருத்தாமலே நன்றாக ஓட்டுவதற்கும், நான்கு அங்குலம் போனவர்கள் கடை கடையாக அலைவதற்கும் இதுவே காரணம். என்னைக் கேட்டால் குடும்பத்தோடும் போகிற வண்டிக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் தேவையே இல்லை.

14. திருத்த இரண்டு வழி. நீளம் கூட்டிக் குறைக்கும் ராடு வாங்கி, தேவையான மி.மீ. நீட்டுவது ஒன்று. ஆக்சில் முனையை உயரத் தூக்கிவைக்கும் பிராக்கெட் போட்டு ராடைப் பழைய சரிவுக்கே கொண்டுவருவது இன்னொன்று. ராடு நீட்டினால் ஆக்சில் நடுவுக்கு வரும், ஆனால் ராடின் செங்குத்துச் சரிவு அப்படியே இருக்கும். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின்பக்கம் பக்கவாட்டில் ஓர் ஆட்டம் போடும். பிராக்கெட் அந்த ஆட்டத்தையும் குறைக்கும், வளைவில் சாய்வதையும் கொஞ்சம் கட்டுப்படுத்தும். ஆனால் அதன் மேல் வரும் நெம்பு அதிகம். போல்ட் மட்டும் போட்டு நிறுத்தும் மெல்லிய தகடு பிராக்கெட் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. கனமான பிராக்கெட், நல்ல வெல்டர் இரண்டும் கிடைத்தால் பிராக்கெட், இல்லையேல் ராடு.

ராடைக் கழற்றி மாட்டும் வேலையை வண்டி சக்கரத்தின் மேல் நிற்கும்போதே செய்யுங்கள். துளை சில மி.மீ. தள்ளி நிற்கும், ஃபிரேமிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு ராட்செட் பெல்ட்டைக் குறுக்கே போட்டு மெதுவாக இழுத்தால் வந்துவிடும். சுத்தியலால் போல்ட்டை அடித்து ஏற்றினால் மரைதான் போகும்.

15. நீட்டிக் குறைக்கும் ஆர்ம்கள் நான்கும் இருந்தால் வரிசை முக்கியம். முதலில் கீழ் ஆர்ம்கள்: இவைதான் ஆக்சிலின் முன்பின் இடத்தையும் சாய்வையும் முடிவு செய்கின்றன. பக்க நீளங்கள் ஒத்துப்போகும் வரை கீழ் ஆர்ம்களை மட்டும் தொடுங்கள். பிறகு மேல் ஆர்ம்களால் பினியன் கோணம். பன்ஹார்டு ராடு கடைசியில். அதன்பின் முதலில் எடுத்த அளவுகள் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று சற்று மாறவே செய்யும். மரையின் இடைவெளி 2 மி.மீ. என்றால் முழுச் சுற்றுக்கு 2 மி.மீ. நீளும், அரைச் சுற்றுக்கு 1 மி.மீ. வெளியே தெரியும் மரைகளை எண்ணாமல், போல்ட் மையத்திலிருந்து போல்ட் மையம் வரை அளந்து மாட்டுங்கள். குறைந்தது மரையின் விட்டம் அளவுக்காவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். லாக் நட்டை முறுக்கிய பிறகு அதன்மேல் பெயிண்டால் ஒரு கோடு. அது தளர்ந்தால் கோடு விலகியிருப்பது தூரத்திலிருந்தே தெரியும்.

16. பினியன் கோணம்தான் இந்த வேலையில் அதிகம் குழப்புவது. சாதாரண ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் இரு முனையிலும் ஒவ்வொரு யூஜே கிராஸ். கோணத்தில் சுழலும் கிராஸ் சீராகச் சுழலாது; ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் கிராஸ் உண்டாக்கும் இந்தத் துடிப்பைப் பின் கிராஸ் எதிர்த்துச் சமன் செய்ய வேண்டுமானால் இரு கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வெளிவரும் தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். ஷாஃப்ட் மட்டும் அவற்றுக்கிடையே சரிந்திருக்கும். “பினியனை நேராக கியர் பாக்ஸைப் பார்த்துத் திருப்பிவிட்டோம், இனி நடுங்காது” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை கிராஸ் வைத்த ஷாஃப்டுக்குத்தான் அவர் சொல்வது பொருந்தும். அந்த இரட்டை ஜாயிண்ட் தன் துடிப்பைத் தானே சமன் செய்துகொள்ளும். அதனால் பினியன் ஷாஃப்டின் கோட்டிலேயே நிற்கலாம்.

அளக்க, காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி போதும். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப்பும் ஒருவாறு உதவும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் பினியனை இணை நிலையிலிருந்து ஒன்றிரண்டு டிகிரி கீழே வையுங்கள்: ஆக்சிலேட்டரை மிதித்ததும் அதன் மூக்கு மேலே எழும்பும், ஓடும்போது இணையாகிவிடும். இரட்டை கிராஸ் வண்டிக்கு ஷாஃப்டின் கோட்டிலிருந்து இதே ஒன்றிரண்டு டிகிரி கீழே. ஷாஃப்ட்டோடு கிராஸ் உண்டாக்கும் கோணம் 3 டிகிரிக்குள் அடங்கினால் நல்லது. ஆனால் சுத்தமாகப் பூஜ்யமும் வேண்டாம்; கோணமே இல்லாவிட்டால் கிராஸின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழும்.

17. பட்டை ஸ்பிரிங்கில் பினியனைத் திருப்ப, ஸ்பிரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் ஆப்பு வைப்பார்கள். எஃகு ஆப்பு வாங்குங்கள். அலுமினிய ஆப்பு நாளடைவில் நசுங்கி வெடிக்கும். வெடித்ததும் யூ போல்ட் தளரும். இருபுறமும் ஒரே டிகிரி, ஒரே திசை. ஆப்பின் தடித்த பக்கம் எங்கே என்று மாட்டுமுன் இருவர் பாருங்கள்.

18. நடுக்கத்தை வைத்தே கோணத்தை ஊகிக்கலாம். மிதிக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் அடங்கினால் பினியன் அதிகம் மேலே பார்க்கிறது. காலை எடுத்ததும் நடுங்கினால் அதிகம் கீழே. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் உதறி, பிறகு சரியாகிவிட்டால், இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள நீண்ட பிக்கப்களில் நடுவிலிருக்கும் சென்டர் பேரிங்கைக் கவனியுங்கள். அதன் பிராக்கெட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் சின்ன ஸ்பேசர் வைத்துப் பேரிங்கைச் சற்று இறக்கினாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். சக்கர பேலன்ஸ் கோளாறின் ஆட்டம் மந்தமானது. ஷாஃப்ட் நடுக்கம் பொடியாக, இருக்கைக்கு அடியில் ரீங்காரமாக வரும், ஏனென்றால் ஷாஃப்ட் சக்கரத்தைவிடச் சுமார் நாலு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது.

19. ஷாஃப்டைக் கழற்றுமுன் ஃபிளேஞ்சிலும் நடுவில் நீண்டு சுருங்கும் பகுதியிலும் பெயிண்ட் அடையாளம் வையுங்கள். ஒரு பல் மாறி மாட்டினாலும் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்காது. எவ்வளவு சரியான பினியன் கோணமும் அதைக் காப்பாற்றாது.

20. ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் இரண்டு, முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. மேல் ஆர்ம்களைக் கழற்றினால் பினியன் பக்கம் பாரத்தில் சுழலும். அதற்கடியில் தனி ஜாக்கி கொடுங்கள். டிஃபெண்டர்போல ஹேண்ட்பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் வண்டியில் பின் ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் பின் சக்கரத்துக்கு ஹேண்ட்பிரேக்கே இல்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

21. ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்காதீர்கள். ரப்பர் உள்ளே இருக்கும் குழாயோடு ஒட்டியிருக்கிறது. முறுக்கிய நிலைதான் அதற்கு ஓய்வு நிலை. தொங்கும்போது முறுக்கிவிட்டால், சக்கரம் தரையில் ஊன்றியதும் அந்த ரப்பர் எந்நேரமும் திருகியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும். வண்டியின் உயரமும் இருபுறம் வேறுபடும். எல்லாவற்றையும் கையால் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, உருட்டி, அமுக்கி, அதன் பிறகே டார்க் ரென்ச். அளவு எல்லாம் சரியாக வந்தும் ஒரு வருடத்தில் புஷ் போகிறது என்றால் பெரும்பாலும் விடுபட்டது இதுதான்.

22. ஆக்சிலோடு வரும் மற்றவற்றையும் பார்த்துவிடுங்கள். ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கக் கூடாது. ஏபிஎஸ் வயர், ஹேண்ட்பிரேக் கேபிள், ஹவுசிங்கின் மூச்சுக்குழாய் இவற்றுக்கும் அப்படியே. சில பிக்கப்களில் பாரத்துக்குத் தக்கபடி பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு, ஆக்சிலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஒரு கம்பியோடு இணைந்திருக்கும். தூக்கிய வண்டியைப் பார்த்து அது பின்னால் பாரமே இல்லை என்று எண்ணி, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் பிராக்கெட்டையும் அதே அளவு உயர்த்த வேண்டும். பினியனை மேலே திருப்பியிருந்தால் கிரௌன் ஆயிலையும் பாருங்கள்: நிரப்பும் துளை பின் மூடியில் இருந்தால் அது கீழே இறங்கியிருக்கும், பழையபடி வழியும்வரை ஊற்றினாலும் ஆயில் குறைவாகத்தான் நிற்கும்.

23. இப்போது நான்கு சக்கர அலைன்மெண்ட் மெஷினுக்குப் போகலாம். அச்சிட்டுத் தரும் தாளில் பின் சக்கரங்களின் டோ எண்களைப் படியுங்கள். இடது +0.25, வலது -0.25 என்று கூட்டினால் பூஜ்யம் வந்தால் ஆக்சில் சாய்ந்திருக்கிறது, இன்னும் ஆர்மில் வேலை பாக்கி. கூட்டுத்தொகையே கம்பெனி அளவைத் தாண்டி வெகுதூரம் இருந்தாலோ, கேம்பர் ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தாலோ ஹவுசிங் வளைந்திருக்கக்கூடும். எந்த ஆர்மைத் திருகியும் பயனில்லை. முன் சக்கர டோவைப் பின் ஆக்சில் தள்ளும் திசைக்கு ஒத்துத்தான் வைக்க வேண்டும், அதனால் பின்பக்கத்தை முடிக்காமல் முன்பக்கம் வைப்பது வீண் செலவு. முடிந்ததும் ஸ்டியரிங் கோண சென்சாரைச் சரிசெய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈஎஸ்பி விளக்கு எரியலாம்.

24. சட்டமும் ஒன்று உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளர்மேல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் இதைக் கேட்பார்கள். சாலையில் ஓட்டும் வண்டியைத் தூக்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது. கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் ஆர்மையும் விற்றுவிடாமல் பரணில் போட்டு வையுங்கள்.

25. புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றே இறங்கும். சுமார் 100 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டையும் லாக் நட்டையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். 500, 1,000 கி.மீ. சமயத்தில் தூக்குக்குண்டை மறுபடி எடுத்து, அதே ஃபிரேம் துளைகளிலிருந்து அதே நான்கு புள்ளிகளை வைத்து, பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பக்க நீளம் 3 மி.மீ.க்கு மேல் மாறியிருந்தால் சென்டர் போல்ட்டிலிருந்தோ கீழ் ஆர்ம் லாக் நட்டிலிருந்தோ தேட ஆரம்பிக்கலாம்.